ராப் பரோ: பெரிய உடல்களின் ஆட்டத்தில் ஒரு சின்ன மனிதர் பதினேழு பருவம் நின்றது எப்படி?

இங்கிலாந்தின் ரக்பி ஆட்டக்காரர் ராப் பரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் தொடங்குவார்கள். ஒன்று, அவருடைய உயரம்: 5 அடி 5 அங்குலம், எடை 70 கிலோகூட இல்லை, இங்கிலாந்து ரக்பி லீக்கின் உச்சப் பிரிவான சூப்பர் லீக்கிலேயே மிகச் சிறிய ஆட்டக்காரர். இன்னொன்று, அவரைப் பிடித்த நோய். 2019 டிசம்பரில் மோட்டார் நியூரான் நோய் இருப்பது தெரிந்தது, 2024 ஜூன் 2 அன்று 41 வயதில் இறந்துபோனார். இடையில் நண்பர் ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு மாரத்தான் கோட்டைக் கடந்த படம் உலகம் முழுக்கப் பரவியது.

இரண்டும் உண்மை, இரண்டுமே நெஞ்சைத் தொடுபவை. ஆனால் இவற்றுக்கு நடுவே அவர் ஆடிய ஆட்டம் காணாமல் போய்விடுகிறது. 2001 முதல் 2017 வரை ஒரே கிளப்புக்கு 490-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். எட்டு சாம்பியன் பட்டங்கள். இவ்வளவையும் 'மனவலிமை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது அவருடைய தொழில்திறமைக்குச் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன். மனவலிமை நிறைந்த சின்ன உடல்காரர்கள் ஏராளமாக வந்து காணாமல் போயிருக்கிறார்கள். பரோ நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பாதி அந்த ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே இருக்கின்றன, மீதிப் பாதி அவர் பிறந்த ஊரிலும் வளர்ந்த அணியிலும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நம்மில் பலர் ரக்பி என்று டிவியில் பார்ப்பது ரக்பி யூனியன், பக்கத்துக்கு 15 பேர். பரோ ஆடியது ரக்பி லீக், பக்கத்துக்கு 13 பேர். இந்தப் பிரிவு 1895 ஆகஸ்ட் 29 அன்று வடஇங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில் பிறந்தது. சண்டை காசைப் பற்றியது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதி கிளப்புகளில் ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் ஆட வந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டக் கிளப்புகள் தயாராக இருந்தன. லண்டனில் இருந்து ஆட்டத்தை நடத்தியவர்களோ காசு வாங்கினால் விளையாட்டின் மாண்பு கெடும் என்றார்கள். வடக்குக் கிளப்புகள் பிரிந்து தனியாகப் போயின. பார்க்க வருகிற கூட்டம்தான் வருமானம் என்பதால் ஆட்டம் வேகமாக இருக்க வேண்டும் என்று விதிகளையும் மெல்ல மெல்ல மாற்றினார்கள். 1906-ல் ஆட்டக்காரர் எண்ணிக்கை 13 ஆனது. இன்றைக்கும் இங்கிலாந்தில் இந்த விளையாட்டின் உயிர் லிவர்பூலில் இருந்து ஹல் வரை குறுக்காகப் போகிற எம்62 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில்தான் இருக்கிறது.

அந்தச் சாலைக்குப் பக்கத்திலுள்ள பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் 1982 செப்டம்பர் 26 அன்று பரோ பிறந்தார். அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போன ஊர் அது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி பக்கத்தில்தான் இருந்தது, 2015 டிசம்பரில் மூடினார்கள். காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்டு என்று கையெட்டும் தொலைவில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ரக்பி லீக் கிளப் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் பையன் பந்தைத் தொடுவதற்கு யாரும் தனியாக ஊக்கம் தரத் தேவையில்லை. சிக்கல் அடுத்த படியில்தான் வரும். பதினாறு வயதில் கிளப்புகள் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது உடம்பைப் பார்ப்பார்கள். பரோவைப் பார்த்தவர்களும் இவ்வளவு சின்னப் பையன் தாங்குவானா என்றுதான் கேட்டார்கள். லீட்ஸ் ரைனோஸ் அவரை எடுத்துக்கொண்டது.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால்தான் பரோ செய்தது என்ன என்பது புரியும்.

ரக்பி லீக்கில் பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி மடக்கிப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டேக்கிள். ஓர் அணிக்குத் தொடர்ந்து ஆறு டேக்கிள்தான் அனுமதி, ஆறாவதிலும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. ஆட்டம் 80 நிமிடம்.

ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்கிற ஒருவர் குனிந்து அதை எடுப்பார். அவர்தான் டம்மி ஹாஃப். அந்த நேரத்தில் எதிரணியில் இரண்டு பேர் மட்டும் பந்துக்கு நேர் எதிரே நிற்கலாம், மற்ற எல்லாரும் 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். விதி எளிமையாகத் தெரியும். ஆனால் 100 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு டேக்கிள் செய்து, தரையில் விழுந்து, எழுந்து, 10 மீட்டர் பின்னால் ஓடித் திரும்பி நிற்க வேண்டும், சில விநாடிகளில் அடுத்த டேக்கிளுக்கு முன்னால் ஓடி வர வேண்டும். முப்பது நிமிடம் இதையே செய்தால் மூச்சு வாங்கும். முதுகைக் காட்டியபடி பின்வாங்கும்போது பந்து கிளம்பிவிட்டால் அவருக்குத் திரும்பவே நேரம் இருக்காது.

பரோ வாழ்ந்தது அந்த அரை விநாடியில். பந்து தரையில் இருக்கிறது, அவரோ ஏற்கெனவே தரைக்கு அருகில்தான் இருக்கிறார். உயரமான டம்மி ஹாஃப் குனிந்து எடுத்து நிமிர்ந்து பார்த்து ஓடத் தொடங்குவதற்குள் பரோ இரண்டு எட்டு வைத்துவிடுவார். எதிரே நிற்கிற இருவரின் கை வழக்கமாக விழும் உயரத்தில் அவருடைய தோள் இருக்காது, தலைதான் இருக்கும். தலையில் கைபட்டால் தப்பாட்டம். ஆகவே பிடிக்க வருகிறவர் தன் உடம்பை இன்னும் ஓர் அடி தாழ்த்தியாக வேண்டும். களைத்துப்போன பெரிய உடம்புக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடுத்தது சட்டென்று பிடிபடும்: பிடிக்க வருபவருடைய எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்துத்தான் நல்ல ரெய்டர் திரும்புவார். பரோ செய்ததும் அதுவே. ஊன்றிய காலின் பக்கமாகவே திரும்பிப் போவார்.

இந்தத் திறமை முழுதாக வெளிப்பட்ட ஒரு தருணம் எது என்று கேட்டால், எல்லாரும் சொல்வதையே நானும் சொல்வேன். 2011 அக்டோபர் 8, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு கால்பந்து மைதானம், சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனல், அதாவது பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கிற இறுதிப் போட்டி. லீட்ஸுக்கு எதிரே செயின்ட் ஹெலன்ஸ். அந்த ஆண்டு லீக் புள்ளிப் பட்டியலில் லீட்ஸ் ஐந்தாவது இடம்தான். அதுவரை ஐந்தாவதாக முடித்த அணி பட்டம் வென்றதே கிடையாது. பரோ தொடக்க 13 பேரில் இல்லை, பென்ச்சில் இருந்தார். முதல் பாதியில் உள்ளே வந்தார். தன் அணியின் பாதியிலேயே டம்மி ஹாஃபில் பந்தை எடுத்தார். முன்னால் வந்தவரின் கைக்குக் கீழே புகுந்தார். புகுந்தார் என்று சொல்வது மிகையில்லை. முழங்கால் கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து, வேகம் குறையாமல் மறுபக்கம் நிமிர்ந்தார். எதிரே மிச்சம் இருந்தது கடைசித் தடுப்பாளர் பால் வெல்லன்ஸ். இந்த நிலையில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பக்கத்தில் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். பரோ வெல்லன்ஸின் காலைப் பார்த்தார், ஒதுங்கினார், கோடு வரை ஓடிவிட்டார்.

அந்த ட்ரையோடு கதை முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில் செயின்ட் ஹெலன்ஸ் 16-8 என்று முன்னிலைக்குப் போனது. அப்புறம் லீட்ஸ் தொடர்ந்து 24 புள்ளி எடுத்து 32-16 என்று ஜெயித்தது. அந்தத் திருப்பத்துக்கு வழி திறந்ததும் பரோவின் இன்னொரு டம்மி ஹாஃப் ஓட்டம்தான், கார்ல் ஆப்லெட் அடித்த ட்ரைக்கு அதுவே அடித்தளம். ஆட்ட நாயகனுக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பைக்கு ஓட்டுப்போட்ட பத்திரிகையாளர்கள் அத்தனை பேரும் அவர் பெயரையே எழுதினார்கள். அதுவரை யாருக்கும் அப்படி ஒருமனதாகக் கிடைத்ததில்லை.

இதில் ஒரு கசப்பான விஷயமும் இருக்கிறது. பரோ பென்ச்சில் உட்கார விரும்பியவர் அல்ல. தொடக்கத்தில் அவர் 7-ஆம் எண் ஸ்க்ரம் ஹாஃப், அணியை ஓட்டுகிற இடம். அந்த இடத்தில் ஆடித்தான் 2001-ல் சூப்பர் லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் ஆனார், 2007 கிராண்ட் ஃபைனலில் ஆட்ட நாயகன் ஆனார், அதே ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக பிரிட்டன் 3-0 என்று வென்ற தொடரில் தொடர் நாயகனாகவும் ஆனார். 2011-ல் பயிற்சியாளராக வந்த பிரையன் மெக்டெர்மட், அவரைப் பென்ச்சில் வைத்து, எதிரணி களைத்த பிறகு டம்மி ஹாஃபாக இறக்கத் தொடங்கினார். பரோவுக்கு அது வலித்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆட்ட நுணுக்கமாகப் பார்த்தால் மெக்டெர்மட்டின் கணக்கு சரிதான் என்பது என் கருத்து. களைப்புதான் பரோவுக்குக் கதவைத் திறக்கிறது என்றால், களைப்பு வந்த பிறகு அவரை அனுப்புவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வயதில், இரண்டு முறை உலக கிளப் பட்டம் வென்ற பிறகு, முதல் 13-ல் இடமில்லை என்று கேட்பவருக்கு அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் வேறு கிளப்புக்குப் போயிருக்கலாம், போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு லீட்ஸ் கதை தெரிய வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஹெடிங்லி தெரியும். அந்தக் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியே ரக்பி மைதானம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவிலுள்ள பார்வையாளர் மாடம் பொது. லீட்ஸ் பணமும் கூட்டமும் உள்ள பெரிய கிளப். இருந்தும் 1972-க்குப் பிறகு 32 ஆண்டுகள் லீக் சாம்பியன் ஆகவில்லை. வெளியிலிருந்து நட்சத்திரங்களை வாங்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் இருந்து ஒரே சமயத்தில் ஒரு கூட்டம் மேலே வந்தது. ஓல்டமில் பிறந்த கெவின் சின்ஃபீல்டு, லீட்ஸ் பையன்கள் டேனி மெக்குவயர், ஜேமி ஜோன்ஸ்-புக்கானன், அப்புறம் பரோ. பதின்வயதில் இருந்தே ஒன்றாகப் பயிற்சி, ஒன்றாகத் தோல்வி. சின்ஃபீல்டு 2003-ல் 22 வயதில் கேப்டன் ஆனார். 2004-ல் பிராட்ஃபோர்டை 16-8 என்று தோற்கடித்து 32 ஆண்டு வறட்சியை முடித்தார்கள்.

அதன்பிறகு பட்டங்கள் வரிசையாக வந்தன. 2007, 2008, 2009 மூன்று கிராண்ட் ஃபைனலிலும் செயின்ட் ஹெலன்ஸையே வென்றார்கள். 2011-லும் அதே எதிரிதான். 2012-ல் மறுபடியும் ஐந்தாவது இடத்தில் இருந்து வந்து வாரிங்டனை வென்றார்கள். உலக கிளப் சாம்பியன் பட்டம் 2005, 2008, 2012-ல்.

பிடிகொடுக்காமல் இருந்தது சேலஞ்ச் கோப்பை ஒன்றுதான். இங்கிலாந்து ரக்பி லீக்கின் மிகப் பழைய கோப்பை அது. 2000, 2003, 2005, 2010, 2011, 2012 என்று லீட்ஸ் ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றது. 2014-ல் வெம்ப்ளியில் காசில்ஃபோர்டை 23-10 என்று வென்றபோதுதான் அது கைக்கு வந்தது. பரோ வளர்ந்த பகுதியின் அணியையே தோற்கடித்து வந்த கோப்பை. அடுத்த ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம், ஹல் கேஆரை 50-0 என்று வென்ற சேலஞ்ச் கோப்பை, விகனை 22-20 என்று வென்ற கிராண்ட் ஃபைனல் என்று மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்தார்கள்.

சின்ஃபீல்டும் அணியின் இன்னொரு மூத்த ஆட்டக்காரர் ஜேமி பீகாக்கும் அத்தோடு விடைபெற்றார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் கிளம்பிய அதே டிசம்பரில் ஏர் ஆறு பெருக்கெடுத்து, கிளப்பின் கர்க்ஸ்டால் பயிற்சி மைதானத்தை மூழ்கடித்தது. 2016-ல் லீட்ஸ் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுமோ என்ற பயத்தில் ஆட வேண்டிய நிலைக்கு வந்தது. தங்கிவிட்ட பரோவுக்கும் மெக்குவயருக்கும் அது நல்ல முடிவாக இருந்திருக்காது. 2017-ல் மீண்டு வந்து, கிராண்ட் ஃபைனலில் காசில்ஃபோர்டை 24-6 என்று வென்றார்கள். கடைசி நிமிடங்களில் பரோவை இறக்கினார்கள். அதுவே அவருடைய எட்டாவது பட்டம், ஆட்டக்காரராகக் கடைசி நாள். பிறகு அதே கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போனார்.

காசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூப்பர் லீக்கில் ஒரு கிளப் தன் மொத்த அணிக்கும் ஓர் ஆண்டுக்குக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பரோ ஆடிய காலத்தில் அது சுமார் 20 லட்சம் பவுண்டு. சுமார் 25 பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். பிரீமியர் லீக் கால்பந்தில் ஒரே நட்சத்திரத்தின் சம்பளம் இதைவிட அதிகம். எட்டுப் பட்டம் வென்றவர்கூட ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போயாக வேண்டும். அவருடைய மனைவி லின்ட்சி அரசு மருத்துவச் சேவையில் பிசியோதெரபிஸ்ட், கணவர் பட்டம் வென்ற காலத்திலும் நோயில் படுத்த காலத்திலும் வேலையில் இருந்தார். இந்த விளையாட்டில் ஆட்டக்காரரும் ரசிகரும் ஒரே கடையில் காய்கறி வாங்குகிறார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவை.

2019 கடைசியில், பேசும்போது ஒரு சொல் குழறுவதை மற்றவர்கள் கவனித்தார்கள். பரிசோதனையில் மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கிய அதே நோய்தான். மூளையில் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும். கை, கால், பேச்சு, விழுங்குதல், மூச்சு எல்லாம் போகும், பெரும்பாலோருக்கு அறிவும் நினைவும் அப்படியே இருக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஹாக்கிங் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது மிக அரிது, பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகள்தான். பரோவுக்கு அப்போது 37 வயது, மூன்று குழந்தைகள், கடைக்குட்டி இன்னும் கைக்குழந்தை.

மோதல் நிறைந்த ஆட்டமே இதற்குக் காரணமா என்ற கேள்வி உடனே வரும். ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ரக்பி யூனியன் ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, அவர்களிடம் இந்த நோய் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. அந்த நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டாடி வியர் அதே ஆண்டு இந்த நோயில் இறந்தார். ஆனால் ஆய்வில் நோய் வந்தவர்கள் மிகச் சிலரே, ஒரு தனிமனிதருக்கு ஏன் வந்தது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. பரோவின் விஷயத்தில் ஆட்டத்தைக் குற்றம்சாட்டுவதும் தவறு, ஆட்டத்துக்கு நற்சான்றிதழ் கொடுப்பதும் தவறு.

2020 ஜனவரியில் ஜேமி ஜோன்ஸ்-புக்கானனுக்காக ஹெடிங்லியில் நடந்த நிதி ஆட்டத்தில் இடமில்லாமல் கூட்டம். கடைசி ஐந்து நிமிடம் பரோ இறங்கி ஆடினார். அதே ஆண்டு டிசம்பரில் சின்ஃபீல்டு, நண்பரின் 7-ஆம் எண்ணை மனதில் வைத்து, ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். கேட்டது 77,777 பவுண்டு, வந்தது 20 லட்சத்துக்கும் மேல். 2021-ல் லெஸ்டரில் இருந்து லீட்ஸ் வரை 101 மைலை 24 மணி நேரத்தில் ஓடினார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நிறுத்தவில்லை, மொத்தம் ஒரு கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 மே 14 அன்று பரோ பெயரில் நடந்த முதல் லீட்ஸ் மாரத்தானில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தூரமும் தள்ளி, கடைசியில் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். முதலில் சொன்ன படம் அதுதான்.

அந்தப் படத்தை நட்பின் அதிசயம் என்று சொல்கிறார்கள். அதில் அதிசயம் என்று ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் பதினைந்து ஆண்டு ஒரே அணியில் அடுத்தடுத்து நின்றவர்கள். பரோ பந்தோடு பாய்ந்து விழும்போது, அடுத்த விநாடி அங்கே போய்ச் சேர்வது சின்ஃபீல்டின் வேலையாக இருந்தது.

பரோவும் சும்மா இருக்கவில்லை. பேச்சு போன பிறகு, கண் அசைவால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவி வழியாகப் பேசினார். பழைய பேட்டிகளிலும் பதிவுகளிலும் இருந்து எடுத்த அவருடைய சொந்தக் குரலே அதில் ஒலித்தது. வீட்டுக்குள் நோய் என்ன செய்கிறது என்பதைக் கேமராவுக்கு முன் காட்டினார். அழகான காட்சிகள் இல்லை அவை. ஊட்டிவிடுவது, தூக்கி மாடிக்குக் கொண்டுபோவது எல்லாம் தெரிந்தது. இந்த நோய்க்கு அரசும் ஆய்வகங்களும் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததைப் பொதுமக்கள் காதில் விழவைத்தது அந்தக் காட்சிகள்தான். லீட்ஸின் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே தனி மையம் கட்ட லீட்ஸ் மருத்துவமனைகளின் அறக்கட்டளை திரட்டிய இலக்குத் தொகை 68 லட்சம் பவுண்டு. அதுவரை நோயாளிகள் அலைய வேண்டியிருந்த சேவைகளை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருவது நோக்கம். பரோ இறந்த மறுநாள், 2024 ஜூன் 3, கட்டுமானத் தொடக்க விழா ஏற்கெனவே குறித்திருந்த நாள். தள்ளிவைக்க வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. திட்டமிட்டபடி மண் தோண்டினார்கள்.

அதே ஆண்டு, கிராண்ட் ஃபைனல் ஆட்ட நாயகனுக்கான விருது ராப் பரோ விருது ஆனது. முதலில் அதைப் பெற்றவர் விகனின் பெவன் ஃப்ரெஞ்ச். ஹல் கேஆரை விகன் 9-2 என்று வென்ற அந்த இறுதிப் போட்டியில் விழுந்த ஒரே ட்ரை அவருடையது.